காட்பாடியிலிருந்து விண்ணப்பித்து பிஎச்டி இடம் கிடைத்தது எப்படி

எம்.எஸ்சி முடித்துவிட்டுக் காட்பாடியில் வீட்டில் இருந்தபடியே விண்ணப்பித்தேன், நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. துறை, புரோகிராமிங் மொழிக் கோட்பாடு, அதாவது ஒரு நிரல் என்ன செய்யும் என்பதைக் கணிதமாகச் சொல்லி நிறுவுவது. அதிலும் பல த்ரெட்கள் (ஒரே நிரலின் தனித்தனி இழைகள்) ஒரே நேரத்தில் ஓட, நடுவில் நிகழ்தகவும் கலந்திருக்கும் நிரல்கள். இப்படி ஒரு துறை இருப்பதே நம்ம பக்கம் பலருக்குத் தெரிவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் முதலில் கேட்பது பணம். அங்கே பிஎச்டி என்பது வேலை மாதிரிதான்: பெரும்பாலும் நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். பேராசிரியருக்கு ஒரு திட்டத்துக்கு நிதி வந்ததும் ஆள் தேவை என்று அறிவிப்பார், நாம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். "படிக்கப் போற பையனுக்கு எவன் சம்பளம் குடுப்பான், எந்த ஏஜென்ட் சொன்னான்?" என்று அப்பா விடாமல் கேட்டார். ஏஜென்ட்டே தேவையில்லை என்று புரியவைக்கத்தான் நாள் பிடித்தது.

மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ், சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். உண்மையில் ஆளை எடுத்துக்காட்டுவது, ஏன் இந்த ஆய்வு என்று நாம் எழுதும் கடிதம். ஆர்வம் அதிகம் என்று எல்லாரும்தான் எழுதுவார்கள். நான் ஒரே ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொண்டு எழுதினேன். மூன்று த்ரெட். ஒன்று நாணயம் சுண்டி எக்ஸ் என்ற மாறியில் 0 அல்லது 1 போடும். இன்னொன்று ஒய் என்ற மாறியில் 0 எழுதும், மூன்றாவது அதே ஒய்யில் 1 எழுதும், கடைசியாக எழுதியது நிற்கும். முடிவில் இரண்டும் சமமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதி என்றுதான் சட்டென்று தோன்றும். ஆனால் நாணயம் விழுந்ததைப் பார்த்துவிட்டு ஷெட்யூலர் (எந்த த்ரெட் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது) மற்ற இரண்டையும் வரிசைப்படுத்தினால் எப்போதும் சமமாக்கிவிடலாம், நினைத்தால் ஒருபோதும் சமமாகாமலும் செய்யலாம்! அதாவது ஷெட்யூலருக்கு என்ன தெரியும் என்று சொல்லாமல் அந்த நிரலின் நிகழ்தகவைப் பேசவே முடியாது. வட்ட மேசையில் ஒவ்வொரு தத்துவஞானியும் இருபக்கத்து முள்கரண்டிகளையும் எடுத்தால்தான் சாப்பிட முடியும், எல்லாரும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் எல்லாமே நின்றுவிடும்: இதுதான் சாப்பாட்டு மேசைச் சிக்கல். 1981இல் கணினி அறிஞர்கள் லேமனும் ராபினும், எல்லாத் தத்துவஞானிகளும் ஒரே நிரலை ஓட்டும் சாப்பாட்டு மேசைச் சிக்கலை நாணயம் சுண்டித் தீர்த்தபோதும், ஷெட்யூலர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தேங்கிப்போகாமல் இருக்க வாய்ப்பு 1 என்றுதான் நிறுவ வேண்டியிருந்தது.

இன்டர்வியூவில் பாதி நேரம் இந்தக் கணக்குதான். பல முடிவுகளில் எதுவும் வரலாம் என்பதைக் குறிக்கும் பவர்செட் மோனட்டையும், எது எவ்வளவு வாய்ப்போடு வரும் என்பதைக் குறிக்கும் நிகழ்தகவு மோனட்டையும் (மோனட் என்பது இப்படிப்பட்ட விளைவுகளைக் கணிதமாக எழுதும் கட்டமைப்பு) அப்படியே சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இடையில் டிஸ்ட்ரிபியூட்டிவ் விதி (இரண்டையும் ஒன்றாகக் கோக்க உதவும் விதி) கிடையாது என்று சொல்லி, எங்கே இடிக்கிறது என்று போட்டுக் காட்டினேன். மார்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வெளிநாடு வேண்டாம் என்றால் சென்னையில் சிறுசேரி சிஎம்ஐ (சென்னை கணிதவியல் நிறுவனம்), தரமணி ஐஎம்எஸ்சி (கணித அறிவியல் நிறுவனம்) இரண்டிலுமே கன்கரன்சி (ஒரே நேரத்தில் பல ஓடும் நிரல்கள்), ஆட்டோமேட்டா (நிலை மாறும் கணித இயந்திரங்கள்) பக்கம் நல்ல ஆய்வு நடக்கிறது. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் போய்வந்துவிடலாம். முன்கூட்டியே மெயிலில் கேட்டுவிட்டுப் போய் உரை கேளுங்கள், முடிந்ததும் பேசியவரிடம் உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள், எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் அப்படித்தான் வந்தது.