கிராஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு தில்லை மரம்

சிங்கப்பூரில் ஒரு பெண்ணிடம் "கல்யாணம் பண்ணிக்கலாமா" என்று கேட்க நல்ல இடம் எது என்று நண்பர்களிடம் விசாரித்தால் உடனே நாலைந்து பெயர் சொல்வார்கள். கரையோரப் பூந்தோட்டங்கள், சிங்கப்பூர் ஃபிளையர் என்ற ராட்சத ராட்டினம், மவுண்ட் ஃபேபர் கேபிள் கார், ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். வேலை முடிந்த மாலைகளில் இவற்றில் சிலவற்றுக்குத் தனியாகவே போய்ப் பார்த்தேன். ஹெண்டர்சன் வேவ்ஸ் உண்மையிலேயே அழகு. சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் மரப்பலகைகள் அலை அலையாக எழுந்து இறங்கும், அந்த வளைவுகளுக்குள்ளேயே உட்காரலாம். ஆனால் அந்தி நேரத்தில் ஓட வருபவர்களும் படம் எடுப்பவர்களும் நிறைந்துவிடுகிறார்கள். கரையோரப் பூந்தோட்டங்களில், மரம்போல் நிற்கும் கோபுரங்களின் சூப்பர்ட்ரீ தோப்பில் இரவு 7.45க்கு விளக்குக் காட்சி தொடங்கும்போது தரையில் படுத்தபடி அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில் கால் வைக்கவே இடம் தேட வேண்டும். ஃபிளையர் ஒரு சுற்றுக்கு 30 நிமிடம், அதுவரை கண்ணாடிக் கூண்டுதான். கேள்வியைக் கேட்டுவிட்டால் அவள் இறங்கிப் போகக்கூட முடியாது.

எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. கேட்கப்படுகிறவருக்கு "கொஞ்சம் யோசிக்கிறேன்" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். கைதட்டக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே மண்டியிட்டுக் கேட்டு வாங்கும் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு கூச்சம் என்று யாருக்குத் தெரியும்? அதிலும் நான் கேட்க நினைத்தவள், குழுப் படம் எடுத்தாலே கடைசி வரிசைக்குப் போய்விடுகிறவள்.

அவளுக்குச் சிதம்பரம் பக்கம். இங்கே தாதியாக வேலை பார்க்கிறாள். ஒருநாள் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "எங்க ஊருக்கே தில்லைன்னுதான் பேரு, ஆனா ஊருக்குள்ள அந்த மரம் இல்ல. பிச்சாவரம் போனாத்தான் பாக்கலாம். சின்ன வயசுல அப்பா படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரு, தொடாதே பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்னு கையைப் புடிச்சிக்குவாரு." நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன், தில்லையை தேவாரத்தில் கேட்டதோடு சரி. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அதே மரம், தாவரவியல் பெயர் எக்ஸ்கோகேரியா அகலோச்சா, சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளிலும் வளர்கிறது! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்படித்தான் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனேன். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து, அப்புறம் கொஞ்சம் நடை. காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்த இடம், 2002இல் காப்பகமானது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே சைபீரியா வரையிலிருந்து கரையோரப் பறவைகள் வந்து சேற்றில் இரை தேடும். உப்புநீர் முதலையும் உண்டு, அதனால் பாதையை விட்டு இறங்கவே கூடாது. அங்கிருந்த தொண்டூழியர் ஒருவரிடம் மரத்தின் பெயரைக் காட்டினேன். ஏன் இதைத் தேடுகிறாய் என்றார். சொன்னேன். வயதான சீன அங்கிள், சிரித்துக்கொண்டே பலகைப் பாதையில் என்னோடு நடந்து வந்து காட்டினார். உதிரப்போகும் இலைகள் மட்டும் செக்கச் சிவந்திருந்தன. பின்னால் ஜோகூர் நீரிணை, அதற்கும் அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாரு நகரக் கட்டடங்கள்.

இடம் கிடைத்தது. எப்படிக் கேட்பது?

கோயில் வாசலில் விற்பார்களே, தல வரலாறு என்று சின்னப் புத்தகம், அதுபோல ஒன்று நானே எழுதித் தைத்தேன். தலம்: சிங்கப்பூர். தல மரம்: தில்லை. தீர்த்தம்: ஜோகூர் நீரிணை. நடை திறக்கும் நேரம்: அவளுடைய இரவு ஷிப்ட் முடியும் நேரம். திருவிழாக்கள் என்ற பகுதியில் நாங்கள் முதலில் சந்தித்த நாள், எங்கள் அம்மா அவளுக்கு முதன்முதலில் மீன் குழம்பு வைத்துக் கொடுத்த நாள், அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் கஞ்சி காய்ச்சிய நாள். கடைசிப் பக்கத்தில் "திருக்கல்யாணம்" என்று தலைப்பு, கீழே ஒரே வரி: நாள் இன்னும் குறிக்கவில்லை, உனக்குச் சம்மதமா? மோதிரம் வாங்கவில்லை. அவள் கையில் போடுவதை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று நினைத்தேன்.

அவளுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, வெயில் ஏறுமுன் போனோம். பறவை பார்க்கத்தான் என்று சொல்லியிருந்தேன். மரத்தருகே வந்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே நின்றுவிட்டாள். "டேய், இது தில்லை மாதிரியே இருக்கு." தில்லையேதான் என்றேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அப்பாவுக்கு அப்போதே வீடியோ கால் போட்டு மரத்தைக் காட்டினாள், அவரும் அங்கிருந்தே "தொடாதம்மா" என்றார். பேசி முடித்த பிறகுதான் புத்தகத்தைக் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தாள், கஞ்சி வந்த இடத்தை மட்டும் இரண்டு முறை. கடைசிப் பக்கம் வந்ததும் பையிலிருந்து பேனாவை எடுத்து, "குறிக்கவில்லை" என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் "தை" என்று எழுதினாள்.

இங்கே திருமணப் பதிவகத்தில் குறைந்தது 21 நாளுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதை அவள் பார்த்துக்கொள்கிறாள். அவள் பெற்றோரை நேரில் பார்த்துப் பேச அம்மாவும் நானும் திருச்சிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. மாமாவுக்கு என்ன வாங்கிப் போவது என்று அம்மா தினமும் கேட்கிறார், நான் அந்தத் தில்லை மரத்தின் படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன்.