கவனம் நிற்காமல் போனதும், அதற்காக நான் அலைந்ததும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் கணக்கான 3பி போட வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகள். ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை என்றால் பில்லில் சரக்கு எண் 0801 31, ஓடு நீக்கிய பருப்பு என்றால் 0801 32. கொட்டையை விவசாயியிடமே வாங்கியிருந்தால், வரியை வாங்கியவர்தான் கட்ட வேண்டும். அந்தக் கடைசி எண்ணில் கண் நிற்க வேண்டும். எனக்கு நிற்காது. பில்லின் அடிக்கு வந்த பிறகுதான் நடுவில் படித்த எதுவும் மண்டையில் ஏறவில்லை என்று தெரியும். மறுபடி மேலே போவேன். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து, உதட்டை அசைத்துப் படித்து, திரும்பத் திரும்பச் சரிபார்த்துத்தான் அனுப்புவேன். எல்லோரும் ஆறு மணிக்குக் கிளம்புவார்கள். நான் மதியம் எடுத்த பில் கட்டோடேயே உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மாமியார் வல்லாரைத் துவையல் அரைத்தார். சென்னையிலிருக்கும் தம்பி ஞாபகசக்திக்கு என்று விற்கும் ஜிங்கோ இலை மாத்திரை வாங்கி அனுப்பினான். மெடிக்கலில் கேட்டால் மூளைக்கு டானிக் என்று ஒரு பாட்டிலை நீட்டினார்கள். இவற்றில் எதையாவது குடித்துப் பார்க்கலாம் என்ற கட்டத்தில்தான், மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மருந்தே எழுதவில்லை. கேள்விகள்தான் கேட்டார். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், குறட்டை உண்டா, மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய். அப்புறம், "பாதம் மரத்துப்போற மாதிரி இருக்காம்மா?" என்றார். இருந்தது. சாயங்காலத்தில் குத்தும். உட்கார்ந்தே வேலை செய்வதால் என்று நினைத்திருந்தேன்.

ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12 என்று எழுதிக் கொடுத்தார். தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. பி12 மட்டும் 148. எங்கள் லேபில் 200க்குக் கீழே போனால் குறைவு என்று போடுகிறார்கள். நான் சைவம். பாலும் தயிரும் பெயருக்குத்தான். அதோடு வயிற்றெரிச்சலுக்குப் பல வருடமாகப் பான்டோபிரசோல் போட்டுக்கொண்டிருந்தேன். பி12 கீரையிலும் காயிலும் கிடைப்பதில்லை. கறி, மீன், முட்டை, பால் இவற்றில்தான். உணவில் இருக்கும் பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். நான் போட்ட மாத்திரை அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. சர்க்கரைக்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் குறைவு வரும் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் தெருவில் மெட்ஃபார்மின் இல்லாத வீட்டை எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் அழுத்திச் சொன்னார். சோர்வாக இருக்கிறது என்று ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தானாக வாங்கிப் போடக்கூடாது. அதனால் ரத்தசோகை சரியாகிவிடும், ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிற மாதிரி காட்டும். ஆனால் பி12 இல்லாமல் நரம்பின் மேல் உறை கெடுவது உள்ளுக்குள் நடந்துகொண்டேயிருக்கும்.

ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. பாதம் மரத்தது போயிற்று. மதியம் இரண்டு மணிக்கு மேஜையில் தலை சாய்க்கத் தோன்றும் அசதியும் போயிற்று. ஆனால் பில்லின் நடுவில் கண் நழுவுவது மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த முறை போனபோது, "சின்ன வயசிலயும் இப்படித்தானா?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பஸ் ஏறும்வரை தயக்கம்தான். "கண்ணுக்குக் கண் டாக்டர், இதுக்கு இந்த டாக்டர்" என்று என் அம்மாதான் முடித்துவைத்தார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் பெரிய உதவியாக இருந்தது.

டாக்டர் உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொன்னார். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவுக் கோளாறு என்று சொல்ல வேண்டுமானால், 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று ஒரு இடத்துக்கு மேல் தொந்தரவு தெரிய வேண்டும், வேறு காரணம் இருக்கக்கூடாது. அதனால்தான் பழைய ரத்தப் பரிசோதனைகளையும் வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டார். "கூப்பிட்டா உடனே திரும்பாதுங்கய்யா. டிபன் பாக்ஸ், குடை, செருப்பு எல்லாத்தையும் எங்கயாவது விட்டுட்டு வரும். ஆனா சேட்டை கிடையாது, சாதுவான பொண்ணு" என்றார் அம்மா. அந்தச் 'சாது' என்ற இடத்தில் டாக்டர் குறிப்பெழுதினார். ஓடிக்கொண்டே இருக்கும் பையனை ஆசிரியர் சீக்கிரம் கவனித்துவிடுகிறார். ஜன்னலைப் பார்த்து அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கூட்டிவருவதில்லை என்றார். எத்தனை பெண்கள் இப்படி 'கனவு காண்கிறவள்', 'மந்தம்' என்ற பெயரோடு வளர்ந்து போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மருந்து தொடங்கும் முன் ரத்த அழுத்தம், இசிஜி பார்த்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இதய நோய் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு வழி சொன்னார். அடோமாக்ஸெடின் மெதுவாக வேலை செய்யும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். மெதில்ஃபெனிடேட் அன்றன்றைக்கே தெரியும். மூளை நரம்புகளுக்கிடையே டோபமினும் நார்அட்ரினலினும் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் அது தடுக்கிறது. எனக்கு மெதில்ஃபெனிடேட்டையே குறைந்த அளவில் எழுதினார்.

அலைச்சல் இதற்கப்புறம்தான். இந்த மருந்து இந்திய மருந்து விதிகளில் அட்டவணை எக்ஸில் இருக்கிறது. அட்டையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்று அச்சிட்டிருக்கும். தனி உரிமம் உள்ள கடையில்தான் விற்கலாம். சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். கடலூரில் கேட்ட கடைகளில் சிலர் பெயரைப் பார்த்ததுமே சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்பட்டுப் பயனில்லை, அவர்களிடம் அந்த உரிமம் இல்லை. கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையோடு சேர்ந்த மருந்துக்கடையில் கிடைத்தது. இப்போது டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, இரண்டு பிரதியிலும் தேதி, அளவு, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். ஒன்று விட்டுப்போனாலும் ஒரு நாள் பஸ் பயணம் வீண்.

பலன் என்ன? அறிவு கூடிவிடவில்லை. கொள்முதல் பட்டியலையும், விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் ஒப்பிட்டு முடித்தேன். நடுவில் எழுந்து போக வேண்டும் என்றே தோன்றவில்லை. அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது பெரிய விஷயம். தொந்தரவும் உண்டு. மதியம் பசியே எடுக்காது. அதனால் காலையில் இட்லியோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை. ஆரம்பத்தில் நெஞ்சு படபடத்தது. நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டியதும் அளவை மாற்றினார். மாலைக் காபியை விட்டேன். காபியின் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; மாத்திரையும் காபியும் சேர்ந்தால் எனக்குத் தூக்கம் கெட்டது. தூக்கம் கெட்டால் மறுநாள் மாத்திரை போட்டும் பிரயோஜனமில்லை. விடிகாலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடக்கிறேன். நடந்த அன்றைக்கும் நடக்காத அன்றைக்கும் உள்ள வித்தியாசம் வேலையில் தெரிகிறது. போன் பக்கத்து அறையில் இருக்கும்.

மாமியாரின் துவையலை டாக்டர் தடுக்கவில்லை. கீரையாகச் சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம் என்றார். தம்பியின் ஜிங்கோவை ஓரம் கட்டிவிட்டேன். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமான முதியவர்களுக்குப் பல வருடம் அதைக் கொடுத்துப் பார்த்து, மறதி நோய் குறையவில்லை என்று 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். பையன் நீட்டுக்குப் படிக்கிறான், படிப்பில் மனம் நிற்கவில்லை, "ரெண்டே ரெண்டு மாத்திரை குடும்மா" என்றார். ஒரு தாயின் கவலை எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் கொடுக்கவில்லை. இதை இன்னொருவருக்குக் கொடுப்பது போதைமருந்துச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். இதயத்தைப் பரிசோதிக்காமல் ஒரு பதினேழு வயதுப் பையன் கையில் இதைக் கொடுக்க எனக்கு எப்படி மனசு வரும்? அவனிடம் பேசினேன். இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து டியூஷனுக்குப் போகிறான். பாத்திரத்தில் ஓட்டை இருக்க, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்த கதைதான். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள் அக்கா, அப்புறமும் நிற்கவில்லையென்றால் மஞ்சக்குப்பம் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போங்கள், ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும் என்றேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் போனார். மறுவாரம் பையனின் டியூஷனை மாலைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.