சூரிய அடுப்பில் முட்டை: பதினோராவது முறை உரிந்தது

நேற்று காலை பதினொன்றே முக்காலுக்கு நான்கு முட்டை உரித்தேன். மூன்று வழுவழுவென்று வந்தன. நான்காவது மட்டும் அடிப்பக்கம் கொஞ்சம் பிய்ந்தது. இதற்கா இத்தனை பெருமை என்று கேட்பவர்கள் சூரிய அடுப்பில் முட்டை வேகவைத்ததில்லை.

அடுப்பு என்பது ஒரு பெட்டி, பழையதுதான். மேலே இரட்டைக் கண்ணாடி, வெயிலை உள்ளே திருப்ப ஒரு முகக்கண்ணாடி, உள்ளே கரும்பலகைப் பெயிண்ட் அடித்த தகரம். போன வருடம் சூடு வெளியே போகாமலிருக்கச் சுவருக்குள் தெர்மோகோல் அடைத்திருந்தேன். பெட்டி நூறு டிகிரியைத் தொட்ட அன்று அது சுருங்கி உருகி, வீடு முழுக்க நாற்றம். இப்போது வத்தலக்குண்டு அரைவை மில்லில் சாக்கில் வாங்கிவந்த உமி. மலையேறுகிற பஸ்ஸில் உமி மூட்டைக்கு லக்கேஜ் போட்டதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.

"கொடைக்கானல் குளிரில் இதெல்லாம் சூடாகுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1899ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறார்கள்! குளிர் காற்றுக்குத்தான், வெயிலுக்கு இல்லை. 1767ல் முதன்முதலில் இப்படி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்த ஜெனீவாக்காரர் ஹொராஸ் த சொசூர், பிறகு அதை மலை உச்சிக்குத் தூக்கிப் போனார். கீழே சமவெளியிலும் வைத்துப் பார்த்தார். வெளியே குளிர் எவ்வளவோ மாறியும் பெட்டிக்குள் சூடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நம் ஊரில் எதிரி மூடுபனிதான். இந்த மாதத்தில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வெயில் நம்முடையது. அதற்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளை ஏறிவிட்டால் பெட்டியை மூட வேண்டியதுதான்.

சரி, முட்டைக்கு வருகிறேன். சூரிய அடுப்பு வைத்திருக்கிற எல்லோரும் சொல்வது, "முட்டைக்குத் தண்ணீர் வேண்டாம், அப்படியே உள்ளே வை". வேகும் என்பது உண்மை. மஞ்சள் கரு எழுபது டிகிரிக்குள்ளேயே இறுகிவிடும். வெள்ளை அறுபதுக்கு மேல் கலங்கத் தொடங்கினாலும் கெட்டியாக எண்பது வரை போக வேண்டும். மேகம் வந்துவந்து போன ஒருநாள் பெட்டி எழுபத்திரண்டிலேயே நின்றுவிட்டது. உடைத்துப் பார்த்தால் நடுவில் கெட்டி மஞ்சள், சுற்றிலும் கொழகொழ. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் கேஸைப் பற்றவைத்தாள்.

நல்ல வெயில் நாளில் முழுசாக வெந்தது. ஆனால் உரிக்க வரவில்லை! தோலோடு பாதி வெள்ளை போய், நிலா மாதிரி பள்ளம் பள்ளமாக ஒரு முட்டை. பத்து முறை இதே கதை. பழைய முட்டை போட்டேன், உப்பு போட்டேன், கறுப்பு சாக்ஸுக்குள் போட்டும் வைத்தேன். பழசு கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். நாட்டுக்கோழி முட்டையோ, இட்ட இரண்டாம் நாளே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது உரியவே உரியாது.

காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. மெதுவாகச் சூடானால் வெள்ளை உள்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. சட்டென்று சூடு பட்டால் ஒட்டுவதற்குள் இறுகிவிடும். சூரிய அடுப்போ மெதுவாகச் சூடாக்கவே பிறந்தது. வெறும் காற்று எத்தனை டிகிரியில் இருந்தாலும் ஓட்டுக்குள் சூட்டை வேகமாகத் தள்ளாது. ஆவி தள்ளும். இட்லி எப்படி வேகிறது? இதை யோசிக்க எனக்குப் பத்து முட்டைச் சாவு தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே நேற்று தண்ணீர் வைத்தேன். அதிகமில்லை, அரை டம்ளர். கறுப்படித்த தூக்குச் சட்டியில் ஊற்றி, அடியில் பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்தேன். முட்டை போடும்போது சூடு இறங்காமல் அது தாங்கும். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் தொண்ணூற்றிமூன்றிலேயே கொதிக்கிறது. எனக்கு லாபம்தான், சீக்கிரம் ஆவி வரும். ஒன்பதே காலுக்கு வைத்தது, பத்தே முக்காலுக்கு மூடி ஆடியது.

சிக்கலான இடம் இனிமேல்தான். கண்ணாடியைத் திறந்தால் சூடு ஓடிவிடும், பத்து எண்ணுவதற்குள் நாலு முட்டையும் உள்ளே போக வேண்டும். குளிர்ந்த முட்டை ஆவியில் பட்டால் ஓடு விரியும் என்று, அரை மணி நேரம் முன்பே அவற்றை முற்றத்து வெயிலில் வைத்திருந்தேன். ஆவி வெளியே கசிந்தால் கண்ணாடியில் பூத்து வெயிலையே மறைத்துவிடும் என்பதால், முட்டையைப் போட்ட கையோடு மூடியைச் சுற்றிச் சப்பாத்தி மாவை அப்பினேன். முதல் முட்டையைத் தவறவிட்டேன், நல்லவேளை துணி விரித்திருந்தது. பதினேழு எண்ணினேன். பெட்டி 112லிருந்து 84க்கு விழுந்து, இருபது நிமிடத்தில் திரும்ப நூறைத் தாண்டியது.

இந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு. முகக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியதோடு விடாமல் கண்ணாடியையே சாய்த்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "தம்பி, அதுக்கும் ஒரு முட்டை குடுத்து அனுப்பு" என்றார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு எடுத்துக் குழாய்த் தண்ணீரில் போட்டேன். இங்கே அது ஐஸ் தண்ணீர் மாதிரியே. உரித்து, பூம்பாறைப் பூண்டுப் பொடி தூவிச் சாப்பிட்டோம். நாலாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நாட்டு முட்டை. அதற்கு முன் உமியை மாற்ற ஆசை, ஓரங்களில் இறங்கி இடைவெளி விழுகிறது. மன்னவனூர்ப் பக்கம் செம்மறி வளர்ப்பவர்களிடம் கழிவு ரோமம் கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன். மூஞ்சிக்கல் கடையில் கண்ணாடி வெட்டவும் கொடுத்திருக்கிறேன், வெளிக்கண்ணாடி ஒரு மூலையில் கீறல். முகக்கண்ணாடி இப்போதைக்குக் கயிற்றில் நிற்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதற்குள் ஒரு கீல் போட வேண்டும். சட்டி மூடியில் மாவு காய்ந்து கல்லாகிவிட்டது, அதை ஊறப்போட்டிருக்கிறேன்.