போர்டிங் பாஸில் நாலு எஸ்

அமெரிக்கா போய்வரும் நம்மவர்களில் சிலருக்கு வீட்டிலிருந்து வெப் செக்-இன் ஆகவே ஆகாது. கவுன்ட்டருக்குப் போனால் யாரிடமோ போனில் பேசிவிட்டு, மூலையில் 'எஸ்எஸ்எஸ்எஸ்' (கூடுதல் சோதனைக்குத் தேர்வானவர் என்ற குறி) என்று அச்சான போர்டிங் பாஸைக் கொடுப்பார்கள். எனக்கு அது தொடர்ந்து வந்தது. கேட் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டு, பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்து, லேப்டாப்பை ஆன் பண்ணச் சொல்லி, வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று உள்ளங்கையைத் துடைத்துப் பார்ப்பார்கள். சோதித்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள், ஆனால் ஏன் நான் என்று கேட்டால் அவர்களிடமும் பதில் கிடையாது. வரிசையில் நின்ற என் மகள் "அப்பா என்ன தப்பு பண்ணினாங்க?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செக்யூர் ஃப்ளைட் என்ற அமெரிக்க அரசின் ஏற்பாட்டில், விமானம் கிளம்ப 72 மணி நேரம் இருக்கும்போதே நம் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் எல்லாம் அங்கே போய்க் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன. குலுக்கல் மாதிரியும் சிலரை எடுப்பார்கள். எப்போதும் வந்தால் பெயர்க் குழப்பமாக இருக்கலாம். நம் பெயர்கள் வேறு அந்தக் கட்டங்களில் அடங்காதவை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால், விசாவில் நம் பெயரை அங்கே தள்ளிவிட்டு முதல் பெயருக்கு 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று போட்டுவிடுவார்கள்.

2004-ல் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியையே பெயர்க் குழப்பத்தில் நிறுத்தினார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த மலேசியப் பெண் ரஹினா இப்ராஹிமுக்கு 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் விலங்கே மாட்டினார்கள், அவருடைய மகள் கூட இருக்கும்போதே. ஓர் அதிகாரி படிவத்தில் தப்பாகக் குறித்ததுதான் காரணம் என்று 2014-ல் நீதிமன்றம் சொல்லும்வரை அந்த அம்மா போராட வேண்டியிருந்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். இப்படி மாட்டுகிறவர்களின் குறையைக் கேட்க அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் டிஹெச்எஸ் ட்ரிப் தளத்தில் விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் நகலோடு நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள், கோபத்தை அதில் காட்ட வேண்டாம். ஏழு இலக்க ரிட்ரஸ் (குறைதீர்ப்பு) எண் கிடைக்கும். அப்புறம் ஒரு கடிதம் வரும். பட்டியலில் நாம் இருந்தோமா இல்லையா என்று அதில் இருக்காது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, நம்மைப் பற்றிய தகவலை நமக்கே சொல்ல மாட்டேன் என்பது என்ன நியாயம்?

ஆனால் அந்த எண்ணைப் போட்டு டிக்கெட் எடுத்தபிறகு வெப் செக்-இன் ஆகிறது. ஏஜென்ட் மூலம் எடுத்தால் பெரும்பாலும் எண்ணைச் சேர்க்க மறந்துவிடுவார்கள், விமான நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.