எட்டாவது மின்னல்

சென்னையின் செப்டம்பர் மாத இரவு மழைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பகல் வெயிலில் வேலூர், காஞ்சிபுரம் பக்கம் திரளும் இடிமேகங்கள் மேலைக்காற்றில் நகர்ந்து, பெரும்பாலும் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் பூந்தமல்லியைத் தாண்டி வளசரவாக்கத்துக்கு வந்து சேரும். அப்படி வந்த மின்னல் ஒன்றைப் பிடித்தே தீருவதென்று, மொட்டைமாடிப் படிக்கட்டுக் கூரையின் கீழ் டிரைபாடை நிறுத்தி, கேமராவை மேற்கே திருப்பி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஒரு படத்துக்கு 20 வினாடி என்று வைத்து, தானாகவே அடுத்தடுத்து எடுக்கும்படி டைமரையும் முடுக்கிவிட்டேன்.

மின்னியபின் இடி கேட்க 3 வினாடி ஆனால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; 30 வினாடிக்குள் கேட்டுவிட்டால் வீட்டுக்குள் போய்விட வேண்டும். நான் 25 எண்ணும்போதே கேட்டுவிட்டது. கேமராவை அதன் தலைவிதிக்கு விட்டுவிட்டுக் கீழே வந்து காபி குடித்தேன். அதற்குள் மின்சாரமும் போயிற்று.

ஒரு மணி நேரத்தில் சேர்ந்த 180 படங்களில் 172 வெறும் கரும்பலகைகள். ஏழில் அடிவானத்தில் நூலிழை போல ஏதோ தெரிந்தது. எட்டாவதில் மட்டும் தடித்த ஒளிக்கோடு ஒன்று மூன்று இடங்களில் வளைந்து, தரையைத் தொடுவதுபோல இறங்கியிருந்தது. அது மஞ்சளாக இருந்ததற்குக் காற்றிலிருந்த தூசியே காரணம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

படத்திருத்தச் செயலியில் எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 'லைட்டன்' முறையில் கலந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் மிகுந்தது மட்டும் எஞ்சும். ஒரு மணி நேரத்து மின்னல்கள் ஒரே நொடியில் இறங்கியதாகத் தோன்றும். நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்குக் குறைத்ததும் தூசி மஞ்சள் வெளுத்தது, மற்ற மின்னல்கள் ஊதாவாயின. மூட்டத்தை விலக்கும் டீஹேஸை வலது கோடிவரை இழுத்தபோது, சாதாரண மழைமேகத்துக்குப் பிரளயக் களை வந்துவிட்டது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடம், வீடு நிற்கிறதா என்று மதுரைப் பெரியம்மா அழைத்தார். எட்டாவது மின்னலில் முருகனின் வேல் தெரிவதாகச் சித்தப்பா எழுதினார். மறுநாள் காலை அதே படம், நேற்றிரவு செங்கல்பட்டில் எடுத்தது என்ற குறிப்போடு எனக்கே வந்து சேர்ந்தது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இது என் டார்ச் வெளிச்சமாச்சே!" என்றார்.

மழைக்கு முன் கொடியில் கிடந்த என் வேட்டியை எடுக்க டார்ச்சோடு மாடிக்குப் போயிருக்கிறார். இருட்டில் 20 வினாடி திறந்திருக்கும் கேமராவுக்கு நடமாடும் ஆள் தெரியாது. கையிலிருக்கும் விளக்கு போன பாதைதான் பதியும். வளைவுகள் மூன்றும் மூன்று கிளிப்புகள். தரையை நோக்கி இறங்கிய முனை, கீழே விழுந்த நான்காவது கிளிப்பைத் தேடியது. இடி நேரத்தில் மாடிக்குப் போகலாமா என்று நான் கோபித்துக்கொண்டதற்கு, காய்ந்த வேட்டியை மடித்து என் மடியில் வைத்தார்.

நான் உண்மையைச் சொல்வதற்குள் சித்தப்பா படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுப் பூஜை அறையில் மாட்டிவிட்டார். அங்கே போகும்போதெல்லாம் அம்மாவும் அதன்முன் கண்மூடி நின்று திருநீறு இட்டுக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் என்னை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.