செம்மண்ணும் ஷாம்பூவும்

காரைக்குடியில் காரை ஒரு ராத்திரி தெருவில் நிறுத்தினால் போதும், வெள்ளை வண்டி காவி கட்டிவிடும். அவ்வளவு செம்மண்.

இத்தனை நாள் பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத்தான் வாளியில் கலந்து கழுவிக்கொண்டிருந்தேன். நுரை பிரமாதமாக வரும். ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது. வண்டி மேல் பூசிய மெழுகும் அதற்குப் பிசுக்குதான். மெழுகு போய், பானெட்டில் முத்து முத்தாக உருண்ட தண்ணீர் படர ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

இப்போது வாங்குவது பி.எச். 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் அதிகமில்லாத, கார் ஷாம்பூ. நுரையைவிட வழுக்கல்தான் முக்கியம். மண் துகள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், பெயிண்டில் தேய்ந்தால் கோடு விழும். அதனால் முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிடுவேன். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொன்று.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு. அதற்கு ஷாம்பூவை நம்பிப் பயனில்லை. வெயில் ஏறுமுன் கழுவி உடனே துடைக்கிறேன்.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்: "என் தலைக்கே சீயக்காய்தான், உன் வண்டிக்கு ஷாம்பூவாடா?"