ஃபன்ஸ்டன் முகாமும் அப்பாவின் மூச்சும்

பிப்ரவரி 6
அப்பாவின் ஆக்ஸிஜன் அளவு 89. மாஸ்க் போட்டபின் 94. விடியும் வரை அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 7
இன்ஃப்ளூயன்ஸா, அதற்குமேல் நிமோனியா. டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காதில் பாதி விழவில்லை.

அப்பா தூங்கும்போது போனில் மறுபடி ஃபன்ஸ்டன் படங்கள். முதல் உலகப் போருக்காக இங்கே கான்சாஸில் கட்டிய ராணுவப் பயிற்சி முகாம். 1917 கோடை. கான்சாஸ் ஆற்றங்கரைச் சமவெளியில் பலகைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக இரண்டு மாடி மரச் சட்டங்கள், சுவர் இன்னும் வரவில்லை. முகட்டில் தொப்பி போட்ட தச்சர்கள். ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது, மே மாதம் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம், செப்டம்பரில் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். நாடு முழுக்க இப்படி 16 மர நகரங்களை ஒரே நேரத்தில் எழுப்பினார்கள். அதில் மிகப் பெரியது இங்கே, நாங்கள் மளிகை வாங்கப் போகும் வழியில்.

காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் அப்பாவுக்கு இந்தப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "துளை போட்டுக் கழுந்து இறக்குற வேலை இல்ல பாப்பா. அத்தனையும் ஆணி. மரமும் பச்சை மரம். குளிர்ல சுருங்கும், இடுக்கு விடும்." படத்தில் மரம் பச்சையா காய்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இந்த வேகத்தில் கட்டுகிறவனுக்குக் காயவைக்க ஏது நேரம் என்றார்.

பிப்ரவரி 9
இன்சூரன்ஸ்காரர்கள் அதே கேள்வியை வேறு குரலில் கேட்கிறார்கள். தம்பி ஊரிலிருந்து டிக்கெட் பார்க்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிப்ரவரி 11
தூக்கம் இல்லை. கணக்குப் போட்டேன்.

ஒரு பாரக்ஸ், அதாவது சிப்பாய்கள் தங்கும் கட்டடம், 43 அடி அகலம், 140 அடி நீளம். ஒரு தளம் 6,020 சதுர அடி, இரண்டும் சேர்ந்து 12,040. இதை 150 பேர் கொண்ட ஒரு கம்பெனிக்காக, அதாவது ஒரு படைப்பிரிவுக்காக, வரைந்தார்கள். சமையலறை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 80 சதுர அடி. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவம் கம்பெனியை 250 பேராக மாற்றிவிட்டது. அதே கட்டடத்தில் ஆளுக்கு 48. மரம் அறுத்தாகிவிட்டது, மரச் சட்டத்தை நட்டு நிறுத்தியாகிவிட்டது. மாறியது காகிதத்தில் உள்ள ஓர் எண் மட்டும்.

அந்த வெற்றுச் சட்டங்களின் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. காற்று எவ்வளவு தாராளமாகப் போய்வந்திருக்கும்! இந்த அறையில் ஜன்னல் திறக்காது.

பிப்ரவரி 12
அப்பா பேசவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 14
1918இல் எடுத்த அந்த ஆஸ்பத்திரிப் படத்தை நான் தேடிப் போகவில்லை, வரிசையில் அடுத்ததாக அதுதான் வந்தது. இன்ஃப்ளூயன்ஸா என்று யார் எழுதினாலும் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். பெரிய கூடம் முழுக்கக் கட்டில்கள். கூடம் முடிகிற இடம் வரைக்கும் கட்டில்கள். இதுவும் ஃபன்ஸ்டன்தான்.

1918 மார்ச் தொடக்கத்தில் முகாமில் காய்ச்சல் கிளம்பியது. மூன்று வாரத்துக்குள் 1,100க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். 38 பேர் இறந்தார்கள். அந்தக் காய்ச்சல் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போனதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. ராணுவத்தின் தலைமை மருத்துவர் வில்லியம் கோர்கஸ், பனாமாவில் மஞ்சள் காய்ச்சலை அடக்கிய அதே கோர்கஸ், அதற்கு முன்பே முகாம்களில் நெரிசல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிமோனியாவில் ஆட்கள் சாகிறார்கள் என்று 1918 ஜனவரியில் செனட்டிலும் சொன்னார். சொல்லியும் என்ன? கோபம் கோபமாக வருகிறது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடம்தானே கேட்டார்.

அப்பாவுக்கு இந்தப் படத்தைக் காட்ட மாட்டேன்.

பிப்ரவரி 17
ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டார். உப்பு குறைவு என்றார்! அவர் குறை சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிப்ரவரி 18
இன்று நல்ல மனநிலை, அதனால் நீளப் படங்கள். முக்காலியில் கேமரா மெல்லச் சுற்றும், உள்ளே ஃபிலிம் எதிர்ப்பக்கம் ஓடும். முகாமே ஒரே பட்டையில் வந்துவிடும், நேர்த் தெரு வில்லாக வளைந்து நிற்கும். இதை அப்பாவுக்கு விளக்கினேன். "அப்ப அளவுக்கு நம்ப முடியாது" என்றார். ஒரு தச்சருக்கு அதுதானே முதல் கவலை.

முகாமுக்குப் பக்கத்து ஊரான ஜங்ஷன் சிட்டியில் ஜோசப் பென்னெல் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். 1922இல் இறந்தார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஏறத்தாழ 30,000 இருக்கின்றன. கடைக்காரர்கள், குடும்பங்கள், பக்கத்துக் கோட்டையின் சிப்பாய்கள். ஒரு சின்ன ஊரை இவ்வளவு பொறுமையாக ஒருவர் பார்த்திருக்கிறார். அப்பா எழுப்பிய வீடுகளில் ஒன்றின் வேலை நடந்தபோது எடுத்த படம்கூட எங்களிடம் கிடையாது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி 21
மறுபடி காய்ச்சல். 101.

பிப்ரவரி 22
மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 24
ஃபன்ஸ்டனில் 92ஆம் டிவிஷனின் கறுப்பினச் சிப்பாய்களும் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் ஒரு சார்ஜெண்டை எங்கள் மன்ஹாட்டனில், நியூயார்க் இல்லை, இந்த கான்சாஸ் மன்ஹாட்டனில், ஒரு தியேட்டருக்குள் விடவில்லை. டிவிஷன் தளபதி பல்லூ 1918 மார்ச்சில் ஓர் அறிக்கை விட்டார். சட்டப்படி தியேட்டர்காரன் செய்தது தப்பு, ஆனால் பிரச்சினை கிளம்பும் இடத்துக்குப் போன சார்ஜெண்டின் தப்பு அதைவிடப் பெரியது என்று. மூன்று தடவை படித்தேன். நாட்டுக்காகச் சாகத் தயாரானவனிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது? மரச் சட்டங்கள் எழும்பும் படங்களில் இது எதுவும் தெரியாது. வெயிலும் புது மரமும்தான்.

பிப்ரவரி 27
மாஸ்க் இல்லை, மூக்குக் குழாய் மட்டும். பிசியோதெரபிப் பெண் வராந்தா முனை வரை நடக்க வைத்தாள். தம்பியிடம் டிக்கெட் போட வேண்டாம் என்றேன்.

மார்ச் 1
அவ்வளவு மரமும் எங்கே போச்சு என்று அப்பா கேட்டார். சுமார் 1,400 கட்டடங்கள். போர் முடிந்தபின் பிரித்துவிட்டார்கள், சில வருஷத்தில் இடம் வெறும் தரையாகிவிட்டது, இரண்டாம் உலகப் போருக்குத் திரும்பவும் கட்டினார்கள் என்றேன். அவர் பிரித்ததிலேயே நின்றுவிட்டார். "நல்ல மரத்த யாரும் எரிக்க மாட்டான். வாங்கிட்டுப் போய் மாட்டுக் கொட்டகை போட்டிருப்பான். பழைய ஆணித் துளை இருக்கும், பார்த்தா நான் சொல்லிடுவேன்." முகாமுக்குப் பக்கத்து ஊரான ஆக்டன் பக்கம் பழைய கொட்டகைகள் இருக்கின்றனவா என்று என் கணவரிடம் விசாரிக்கச் சொன்னார். இவரும் உட்கார்ந்து மேப்பில் தேடுகிறார்.

அப்பாவுக்குக் கனமான ஜாக்கெட் ஒன்று வாங்க வேண்டும். கொண்டுவந்தது இந்தக் காற்றுக்குத் தாங்காது.